பீரோவா, கபோர்டா, திறந்த கம்பியா? குமரி மாவட்டத்து வீட்டில் துணி வைக்க எது சரி

குழித்துறைப் பக்கம் மைனி (அண்ணி) வீட்டில் மாடி எடுக்கிறார்கள். புதுப் படுக்கையறையில் துணி வைக்க என்ன செய்வது என்று மூன்று பேருக்கு மூன்று யோசனை. அண்ணனுக்குச் சுவர் முழுக்கக் கபோர்டு அடிக்க ஆசை. மைனிக்குக் கல்யாணத்துக்கு வந்த ஸ்டீல் பீரோவை விட மனசில்லை. காலேஜுக்குப் போகிற மகள், சுவரோடு ஒரு கம்பி போட்டு ஹேங்கரில் மாட்டினால் போதும் என்கிறாள். என்னிடமும் கேட்டார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியது இது. வீடு கட்டாதவர்களுக்கும், இருக்கிற இடத்திலேயே துணியை ஒழுங்குபடுத்த நினைப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்கள் சொல்லும் பதில் நமக்கு அப்படியே ஒத்துவராது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இடையிடையே வெயில் தலைகாட்டினாலும் காற்றில் ஈரம் விட்டுப்போவதில்லை. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றாலே துணியில் பூஞ்சை பிடிக்க வழியாகிவிடும். அதனால் நான் இரண்டே கேள்விகளை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். காலையில் திறந்ததும் வேண்டியது கண்ணில் பட்டுக் கைக்கு வருகிறதா? மழை மாதங்களில் துணி கெடாமல் இருக்கிறதா? இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மூடி வைத்தால் தூசி இல்லை, காற்றும் இல்லை. திறந்து வைத்தால் காற்று உண்டு, எல்லாம் தெரியும், ஆனால் பட்டுக்கு அது ஆகாது.

காலை நேரத்தைத் தின்பது எது என்று முதலில் பார்த்துவிடலாம். சேலை கட்டுகிறவர்களுக்குச் சேலையை எடுப்பதில் நேரம் போவதில்லை. அதற்கான பிளவுஸ் எங்கே, அந்த நிறத்து உள்பாவாடை எங்கே, ஊக்கு எங்கே என்பதில்தான் போகிறது. பிளவுஸ் கிடைத்தால் ஹூக் விட்டிருக்கும். எல்லாம் கிடைத்து முடியும்போது பஸ் போயிருக்கும். ஆண்களுக்கு இஸ்திரி போட்ட சட்டை இருக்கும், அதற்கேற்ற பேன்ட் அடுக்கின் அடியில் இருக்கும். உருவினால் மேலே உள்ளதெல்லாம் கலையும். பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் இருக்கும், சாக்ஸில் ஒன்று இருக்காது. சேர்த்து உடுக்க வேண்டியவை வேறு வேறு இடத்தில் கிடப்பதும், ஒன்றின் அடியில் ஒன்று மறைந்து போவதும்தான் இதற்கெல்லாம் காரணம். எந்த அலமாரியை வாங்கினாலும் இதைத் தீர்க்காவிட்டால் செலவு மட்டும்தான் மிச்சம்.

சரி, பீரோவிலிருந்து தொடங்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் கொண்டது. பூட்டு உண்டு, எலியும் கறையானும் உள்ளே வராது, வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம். பட்டும் பத்திரமும் நகையும் வைக்க இதைவிட நம்பிக்கையான இடம் வேறு இல்லை. தினமும் உடுக்கும் துணிக்குத்தான் இது சரிவராது. காரணம் அந்த ஆழம். நாம் வழக்கமாக மடிக்கிற அளவில் சட்டையும் சேலையும் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று அமைந்துவிடும். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது அடுத்த தடவை பீரோவை ஒதுக்கும்போதுதான் தெரியவரும். நல்ல துணி இருந்தும் மேலே கிடக்கிற நாலைந்தையே மாற்றி மாற்றி உடுத்துகிறவர்கள் பலரும் இந்தப் பின்வரிசையால் அப்படி ஆனவர்கள்தான்.

அடுத்தது ஈரம். மழை மாதத்து ராத்திரியில் தகடு குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் படிந்து வியர்க்கும். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிற பீரோ என்றால் முதுகுப் பக்கம் இன்னும் மோசம். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறும். வெள்ளை வேட்டியில் அந்தத் துரு ஒரு தடவை பட்டால் சாதாரணச் சலவையில் போகாது. குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று சேர்ந்துகொள்வதால் துரு இன்னும் வேகமாக வரும். தட்டில் செய்தித்தாள் விரிப்பது வழக்கம். அது ஈரத்தை உறிஞ்சும், ஆனால் அடிக்கடி மாற்றாவிட்டால் அந்த ஈரத்தைத் துணிக்கு அடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும், வெள்ளையில் மையும் ஒட்டும். துவைத்துக் காய்ந்த பழைய காட்டன் சேலையைக் கிழித்து விரிப்பதே நல்லது.

பீரோதான் இருக்கிறது, வேறு வாங்க வழியில்லை என்றால் ஒரு காரியம் செய்யலாம். சேலையையும் சட்டையையும் அகலம் குறைத்து, நீளமாக, தட்டின் ஆழத்துக்குச் சரியாக மடியுங்கள். அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், மடிப்பு மேலே தெரியும்படி நிறுத்தி வையுங்கள். சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் ஓர் அட்டைப்பெட்டியோ பிளாஸ்டிக் கூடையோ போதும். பின்வரிசை என்பதே இல்லாமல் போகும். கதவைத் திறந்தால் ஒவ்வொன்றின் கரையும் தெரியும், ஒன்றை உருவினால் அடுத்தது கலையாது. தட்டுக்குத் தட்டு உயரம் மாற்றுகிற வசதி உள்ள பீரோவில் இது இன்னும் நன்றாக அமையும்.

சுவரிலேயே கான்கிரீட் தட்டு விட்டுக் கதவு போடுகிற அலமாரி பழைய வீடுகளில் உண்டு. உள்சுவரில் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுவரில், அதுவும் மேற்குப் பக்கம் இருந்தால், தென்மேற்குச் சாரல் அடித்து அடித்துச் சுவர் குடித்த ஈரமெல்லாம் உள்ளே வரும். அங்கே பாத்திரம் வையுங்கள், துணி வேண்டாம்.

கபோர்டுக்கு வருகிறேன். காசு அதிகம் போவது இதில்தான், ஏமாறுவதும் இதில்தான். நம் மாவட்டத்தில் கபோர்டு அடிக்க முதலில் கேட்க வேண்டியது பலகை என்ன என்பது. மைக்கா நிறமும் கைப்பிடியும் அதற்கு அப்புறம். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. ஈரம் ஏறினால் ஊதிவிடும், ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணி பிடிப்பு விட்டுக் கதவு தொங்கும். ரெடிமேடாக வாங்கும் விலை குறைந்த கபோர்டுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பிளைவுட்டில் எம்ஆர், பிடபிள்யூஆர் என்ற இரண்டு வகையும் ஐஎஸ் 303 தரத்தில் வருகிறவை. எம்ஆர் என்பது காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். பிடபிள்யூஆர் அதைவிட நன்றாகத் தாங்கும். மரைன் பிளை என்று கேட்டால் ஐஎஸ் 710 முத்திரை இருக்க வேண்டும். படுக்கையறைக்கு எல்லாமே 710 தேவையில்லை என்பது என் கருத்து. பிடபிள்யூஆர் போதும், தரையைத் தொடும் பகுதிக்கும் சுவரைப் பார்க்கும் முதுகுக்கும் மட்டும் உயர்ந்தது போடலாம்.

குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். தோட்டம் வெட்டும்போது சொந்த மரமே இருக்கும், அதை வைத்து அலமாரி செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் பக்குவம் செய்த மரமாக இருக்க வேண்டும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், அப்புறம் வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகை நல்ல பலகைதான். மில்லில் அறுத்து வெயிலில் காயவைத்ததோடு கொண்டுவந்து துணி வைக்காதீர்கள். பலாவோ அயனியோ தேக்கோ வீட்டில் பழைய பலகையாகக் கிடந்தால் அதுவே மேல். பல வருஷம் காய்ந்த மரம் மழைக்கு அசைந்து கொடுக்கும், ஊதிப்போகாது.

அளவு விஷயத்தில் ஆசாரியிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஹேங்கர் தொங்கும் பகுதிக்கு இரண்டடி ஆழம் வேண்டும், குறைந்தால் கதவு சட்டைத் தோளில் இடிக்கும். மடித்து வைக்கும் தட்டுக்கு அதே இரண்டடி ஆழம் கொடுத்தால் பீரோவின் பின்வரிசைச் சிக்கல் இங்கேயும் வந்துவிடும். அந்தத் தட்டுகளை ஒன்றேகால் அடியோடு நிறுத்துங்கள், அல்லது வெளியே இழுக்கிற டிராயராக மாற்றுங்கள். சட்டைக்குத் தொங்க மூன்றரை அடி போதும், நீளமான சுரிதார் டாப்புக்கு நாலரை அடி. ஏழடி உயரம் இருந்தால் மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி என்று சட்டைக்கு இரண்டு வரிசை வைக்கலாம். அகலம் கூட்டுவதைவிட இது பிரயோஜனம்.

ஸ்லைடிங் கதவு பார்க்க நன்றாக இருக்கும், இடத்தையும் அடைக்காது. ஆனால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். மேல்சட்டை இந்தப் பாதியில், பேன்ட் அந்தப் பாதியில் என்றால் காலையில் கதவைத் தள்ளுவதே வேலை. இடம் இருந்தால் கீல் வைத்த கதவே மேல்; முழுதும் விரியத் திறக்கும், எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கதவின் மேலும் கீழும் லூவர் பட்டையோ (காற்றுப் போக இடைவெளி விட்டுச் சாய்த்து வைக்கும் பட்டைகள்) சில துளைகளோ விடச் சொல்லுங்கள். பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓரிரண்டு அங்குலம் காற்றுக்கு விட வேண்டும், அடியில் மூன்று நாலு அங்குலம் தரையிலிருந்து தூக்க வேண்டும். கடலோரத்தில் கீலும் சேனலும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள்.

பிவிசி பலகையில் செய்கிற கபோர்டு ஈரத்துக்கு ஊதாது, கறையானும் தொடாது. பாரம் தாங்குவது குறைவு. காற்றோட்டம் விடாவிட்டால் உள்ளே பீரோ மாதிரியே புழுங்கும். வாடகை வீட்டுக்கும் பிள்ளைகள் அறைக்கும் சரி.

இனி மகள் கேட்ட கம்பி. செலவு குறைந்த இந்த வழியைத்தான் தினசரித் துணிக்கு நான் முதலில் சொல்வேன். ஒரு அங்குல ஸ்டெயின்லெஸ் பைப், மூன்றடிக்கு மேல் நீளம் போனால் நடுவில் ஒரு தாங்கி, உள்சுவர், அவ்வளவே. காற்று நாலு பக்கமும் போகும். நேற்றுக் கொஞ்சம் ஈரத்தோடு வந்த துணியும் விடியும்போது உலர்ந்திருக்கும். எல்லாம் கண்ணெதிரே தொங்குவதால் எது இஸ்திரி போட்டது, எதில் பட்டன் போயிருக்கிறது என்று முந்தின நாள் ராத்திரியே தெரியும்.

சேலை கட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. குறுக்குச் சட்டம் உள்ள ஹேங்கரை எடுத்து, சேலையை மடித்துச் சட்டத்தில் போடுங்கள். அதே ஹேங்கரின் தோளில் பிளவுஸை மாட்டி ஒரு ஹூக்கைப் போட்டுவிடுங்கள். துவைத்துக் காயவைத்து உள்ளே கொண்டுவரும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அப்போதே ஹூக் விட்டிருப்பதும் கையடி பிரிந்திருப்பதும் கண்ணில் படும். உள்பாவாடையை மட்டும் சேர்க்க வேண்டாம், ஒரு பாவாடை பல சேலைக்குப் போகும். அவற்றைச் சுருட்டி, நிறம் தெரியும்படி ஒரு கூடையில் கம்பிக்குக் கீழே வைத்தால் போதும். ஊக்கு டப்பாவும் அங்கேயே. ஒரு ஹேங்கரை எடுத்து, ஒரு பாவாடையை உருவினால் வேலை முடிந்தது.

குறையும் உண்டு. ரோட்டோர வீட்டில் தூசி படியும். காற்றும் புழுதியும் வீசுகிற ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மெல்லிய காட்டன் திரை ஒன்று இல்லாமல் இது நடக்காது. வெயில் நேரே விழுகிற சுவர் என்றால் தோள்பகுதி மட்டும் நிறம் வெளுக்கும். பல்லி எச்சம் வெள்ளையில் படும். அடுக்களைக்கு அடுத்த அறை என்றால் மீன் பொரிக்கிற வாசம் துணியில் தங்கும். தகரக் கம்பி ஹேங்கர் வேண்டவே வேண்டாம், துருவும் விடும், தோளில் புடைப்பும் வைக்கும். இந்தக் கம்பியில் ஒரு வாரம், பத்து நாளுக்கு வேண்டிய துணிக்கு மேல் மாட்டக் கூடாது. நெருக்கிவிட்டால் காற்றும் போகாது, ஒன்றை எடுக்கும்போது இரண்டு விழும்.

இடம் முடிவானாலும், எப்படிப் பிரித்து வைப்பது என்ற கேள்வி இருக்கிறது. சட்டையெல்லாம் ஓர் இடம், பேன்ட் எல்லாம் ஓர் இடம், சேலையெல்லாம் ஓர் இடம் என்று வகைவாரியாக வைப்பதுதான் பெரும்பாலான வீட்டில் நடக்கிறது. துவைத்துவந்த துணியை எடுத்து வைக்கிறவருக்கு அது சுலபம், உடுக்கிறவருக்குத்தான் ஓட்டம். செட்டாக வைத்தால் எடுத்து வைக்க ஐந்து நிமிஷம் கூடுதலாகும், காலையில் அது திரும்பக் கிடைக்கும். துவைப்பவரும் உடுப்பவரும் ஒரே ஆள் இல்லாத வீட்டில் இதை இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் எல்லார் செட்டையும் சேர்க்கிற பாரம் அம்மாவின் தலையில் விழும். பத்து வயசு தாண்டிய பிள்ளைகள் தங்கள் யூனிஃபார்மையும் சாக்ஸையும் தாங்களே ஒரு ஹேங்கரில் சேர்க்கலாம். அவர்களுக்குக் கை எட்டுகிற உயரத்தில் கம்பி வையுங்கள்.

வீட்டில் உடுக்கிற நைட்டி, சாரம் (கைலி), துவர்த்துக்கு (துண்டு) எந்த ஒழுங்கும் வேண்டாம். ஆளுக்கொரு கூடை போதும்.

விசேஷத் துணியை மட்டும் சந்தர்ப்பவாரியாக வைக்க வேண்டும் என்பேன். நம் வருஷத்தில் அவை தனித்தனியாக வரும். ஓணத்துக்குக் கசவுக் கரைச் செட்டுச் சேலை. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்குக் கறுப்பு வேட்டியும் துண்டும். டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்துமஸ், சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை. சுசீந்திரம் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டியோடு நேரியலும் (மேல்துண்டு) சேர்ந்தே ஒரு பையில் இருந்தால் கிளம்பும் நேரத்தில் தேட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்டன் பை, மேலே ஒரு சீட்டு, பீரோவின் மேல்தட்டு. தினசரித் துணியோடு இவை கலக்கவே கூடாது. கலந்தால் இரண்டுமே கெடும்.

பட்டைப் பிளாஸ்டிக் கவரில் வைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டால் ஜரிகை கறுக்கும். மெல்லிய வெள்ளைக் காட்டன் துணியில் சுற்றி, மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் மடிப்பை மாற்றி, தை மாசி உலர் காலத்தில் நிழலில் விரித்து எடுத்து வைத்தால் மடிப்பில் கீறாது. பாச்சை உருண்டை ஜரிகையில் நேரடியாகப் படக் கூடாது. கைக்குழந்தையின் துணியில் அதை வைக்கவே வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகலாம். குறைபாடு இருப்பது பல வீட்டில் முன்கூட்டியே தெரிந்திருக்காது. வெட்டிவேரோ கிராம்போ சிறு துணியில் முடிந்து வைக்கலாம். பூச்சியைக் கொல்லாது, ஆனால் வாசம் நன்றாக இருக்கும். கஞ்சி போட்ட துணியை மழைக்காலம் முழுக்க அடுக்கி வைத்தால் பூச்சியைக் கூப்பிட்டு விருந்து வைத்தது மாதிரி ஆகும். கஞ்சி இல்லாமல் துவைத்து வைத்து, உடுக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈரத்தை உறிஞ்ச சிலிகா ஜெல் பொட்டலம் சிறு டிராயருக்கும் லாக்கருக்கும் உதவும். நிறம் மாறினால் சூடு காட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். கால்சியம் குளோரைடு டப்பாக்களும் கடையில் கிடைக்கின்றன, நிறைய ஈரம் குடிக்கும். அதில் சேரும் நீர் சிந்தினால் துணியில் கறை, தகட்டில் அரிப்பு; தட்டின் அடியில் ஓரமாக மட்டும் வையுங்கள். எதை வைத்தாலும், அரைகுறையாகக் காய்ந்த ஒரு துணி உள்ளே போனால் எல்லாம் வீண். கையால் தொட்டு ஜில்லென்று இருந்தால் அது இன்னும் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி போடுங்கள், இல்லை இஸ்திரி போட்டுச் சூடு ஆறவிட்டு வையுங்கள்.

ஆக என் தீர்ப்பு இதுதான். குழித்துறை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மரமும் மழையும் அதிகம். அங்கே தினசரித் துணிக்கு உள்சுவரில் கம்பி, விசேஷத்துக்கு இருக்கிற பீரோ, இரண்டுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு சிறு கபோர்டு போதும். சுவர் முழுக்க அடிக்க வேண்டாம், பாதி காலியாகக் கிடந்து அங்கேதான் பூஞ்சை முதலில் பிடிக்கும். கடலோர ஊர்களில் புதிதாக ஸ்டீல் பீரோ வாங்குவதைவிட மரமோ பிளையோ மேல். நாகர்கோவிலில் ரோட்டைப் பார்த்த வீடு என்றால் கம்பிக்குத் திரை கட்டாயம், இடம் குறைந்த பிளாட் என்றால் மூடிய கபோர்டும் லூவர் கதவும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஈரத்தைவிடப் புழுதிதான் தொல்லை, அங்கே பீரோவை நான் குறை சொல்ல மாட்டேன்.

புதிதாகக் கட்டிய அறை என்றால் இன்னொன்று. கான்கிரீட்டிலும் பூச்சிலும் ஏறிய தண்ணீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். பெயின்ட் காய்ந்த மறுவாரமே சுவரோடு ஒட்டிக் கபோர்டு அடித்தால் அந்த ஈரமெல்லாம் பின்பலகைக்குத்தான் போகும். கம்பியை உடனே மாட்டிப் புழங்கத் தொடங்கலாம். கபோர்டு எந்தச் சுவரில், எவ்வளவு அகலத்தில் என்பதை ஓணம் கழிந்து ஆசாரியிடம் சொல்லலாம். அதற்குள் ஒரு இடவப்பாதி கடந்திருக்கும், எந்தச் சுவர் நனைகிறது என்றும், உண்மையில் எத்தனை ஹேங்கர் தேவைப்படுகிறது என்றும் தெரிந்திருக்கும்.